எட்டுக் கலை: கெப்ளரின் வாழ்வும் கணக்கும்

முழுநிலவின் விட்டத்தை மனத்தளவில் நான்காகப் பகுத்துக்கொள்வோம். அவற்றுள் ஒரு பங்கு எவ்வளவு சிறியது! செவ்வாய் என்னும் கோள் இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்கும் என்று ஒருவர் பல்லாண்டு உழைத்துக் கணக்கிட்டார். கணக்குக் காட்டிய இடத்திற்கும் கோள் நின்ற இடத்திற்கும் இடையே அந்த ஒரு பங்கு அளவே வேறுபாடு இருந்தது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூற்றைக் கலை என்பது நம் வானியல் வழக்கு. அவ்வழக்கின்படி அது 8 கலை. வேறு எவரேனும் ஆயின் கருவியின் குறை என்று சொல்லி அமைந்திருப்பார். அவர் அமையவில்லை. அந்த 8 கலைக்காகத் தம் உழைப்பை மட்டுமன்றி, ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர் உலகம் போற்றி வந்த வட்டத்தையே கைவிட்டார். அவர்தாம் ஜொகன்னஸ் கெப்ளர்.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் கணித அறிஞர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கவிஞன் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. என் உள்ளம் அழகென்று கண்டு மகிழ்ந்தது, வெளியே உள்ள உலகிலும் மெய்யாக இருக்கிறதா? அல்லது அது என் உள்ளத்தின் விளையாட்டு மட்டுமா? இக்கேள்வியைக் கணக்கின் வழியே கேட்டு, அதற்காகவே வாழ்ந்து மறைந்தவர் கெப்ளர். கணிதம் மெய்ம்மையைச் சொல்ல வல்லதா, வாழ்வுக்குப் பொருள் தர வல்லதா என்று நாம் வாதிடுவதைவிட, அவர் வாழ்வை ஒருமுறை நடந்து பார்ப்பது பயன் தரும்.

இளமை

கெப்ளர் 1571 டிசம்பர் 27 அன்று, இன்றைய செருமனியின் தென்பகுதியில் உள்ள வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கூலிக்குப் போரிடும் படைவீரர்; வீட்டில் தங்கிய நாள்கள் குறைவு; ஒருநாள் போனவர் திரும்பவேயில்லை. தாய் கத்தரீனா விடுதிக்காரர் ஒருவரின் மகள். மூலிகை மருத்துவம் அறிந்தவர். சிறுவயதில் வந்த பெரியம்மை கெப்ளரின் பார்வையைப் பழுதாக்கியது. கைகளையும் நலிவுறச் செய்தது.

அந்தக் குழந்தைக்கு வானைக் காட்டியவர் தாயே. 1577ஆம் ஆண்டு ஐரோப்பா முழுவதும் வியந்து நோக்கிய பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. கத்தரீனா தம் மகனைக் கைப்பிடித்து உயரமான இடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டினார். பிற்காலத்தில் அந்தத் தாய்க்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் இந்த நிகழ்ச்சியை எளிதில் மறக்க இயலாது.

ஏழ்மையில் பிறந்தாலும் அறிவுள்ள பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உதவித்தொகை முறை அந்நாட்டில் இருந்தது. அதன் துணையால் கெப்ளர் டூபிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தார். லூத்தரன் திருச்சபையின் போதகராவதே அவர் எண்ணம். அங்கே மிகயேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், ஞாயிறு நடுவில் நிற்க, புவியும் ஏனைய கோள்களும் அதைச் சுற்றுகின்றன என்ற கோப்பர்நிக்கஸ் கொள்கையை அவருக்குக் கற்பித்தார். மாணவர் உள்ளத்தில் அது வெறும் பாடமாக நிற்கவில்லை, வழிபாட்டுப் பொருளாயிற்று.

1594இல், படிப்பு முடியும் முன்பே, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியர் பணிக்கு அவரை அனுப்பினர். போதகராகும் ஆசை அத்துடன் முடிந்தது. முதலாண்டில் மாணவர் சிலரே வந்தனர். மறு ஆண்டில் ஒருவரும் வரவில்லை. நாட்காட்டி கணித்து வானிலையும் நாட்டு நடப்பும் கூறுவதும் அவர் கடமைகளுள் ஒன்று. கடுங்குளிர் வரும் என்றும் துருக்கியர் படையெடுப்பர் என்றும் எழுதினார், இரண்டும் பலித்தன. ஊரார் புகழ்ந்தனர். அந்தப் புகழில் அவருக்கு நிறைவு இல்லை. அவர் தேடியது பலிப்பதை அன்று, காரணத்தை.

ஐந்து திண்மங்களின் கனவு

கோள்கள் ஆறு என்பதே அன்று அறியப்பட்டது. ஏன் ஆறு? ஏன் ஏழோ பத்தோ இல்லை? அவற்றின் இடைவெளிகள் ஏன் இப்படி அமைந்தன? இக்கேள்விகள் அவரை விடவில்லை. 1595 ஜூலையில் வகுப்பறைக் கரும்பலகையில் முக்கோணம் ஒன்றை வரைந்து அதன் உள்ளும் புறமும் வட்டங்கள் இட்டபோது அவருக்கு ஒரு மின்னல் தோன்றியது. எல்லா முகங்களும் ஒத்திருக்கும் திண்மங்கள் ஐந்தே உண்டு என்பது கிரேக்கர் நிறுவிய உண்மை. நான்முகி, அறுமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்பன அவை. ஆறு கோள்களுக்கு நடுவே இடைவெளிகள் ஐந்து. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு திண்மத்தைப் பொருத்தினால்?

சனிக்கும் வியாழனுக்கும் இடையே அறுமுகி, வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்முகி, செவ்வாய்க்கும் புவிக்கும் இடையே பன்னிருமுகி, புவிக்கும் வெள்ளிக்கும் இடையே இருபதுமுகி, வெள்ளிக்கும் புதனுக்கும் இடையே எண்முகி என்று ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். வியக்கத்தக்க அளவுக்குத் தொலைவுகள் ஒத்து வந்தன. படைத்தவன் உலகை வரையும்போது கையில் வைத்திருந்த வரைபடத்தையே தாம் கண்டுவிட்டதாக அவர் மகிழ்ந்து கண்ணீர் விட்டார். போதகராகித் திருச்சபையில் ஆற்றியிருக்க வேண்டிய பணியை வானியலிலேயே ஆற்றும் பேறு கிடைத்தது என்று கருதினார். 1596இல் இக்கனவு நூலாயிற்று.

அக்கனவு பொய். ஒத்து வந்தது தற்செயல். 1781இல் யுரேனசும் 1846இல் நெப்டியூனும் காணப்பட்டபோது, ஆறு என்ற எண்ணும் ஐந்து என்ற இடைவெளியும் பொருளிழந்தன. இதை நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பொய்யான கனவு இல்லையேல் கெப்ளர் வானியலுக்குள் வந்தே இருக்கமாட்டார். திண்மங்கள் முற்றும் பொருந்தாமல் சிறிது இடறியதால்தான், கோள்களின் துல்லியமான அளவுகளைத் தேடி அவர் புறப்பட்டார்.

செவ்வாயோடு போர்

அத்தகைய அளவுகள் ஒரே மனிதரிடம் இருந்தன. டேனிய நாட்டு உயர்குடியினரான டைக்கோ பிராகி, தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில், பெருங்கருவிகள் அமைத்து வெறுங்கண்ணால் வானை அளந்தவர். 10 கலை வரை பிழை இருப்பது பண்டை அறிஞர் தாலமியின் காலத்தில் இயல்பு. டைக்கோவின் பதிவுகளிலோ அது 1 அல்லது 2 கலையாகக் குறைந்திருந்தது. 1600இல் பிராகு நகருக்கு அருகே இருவரும் சந்தித்தனர். அதே ஆண்டு, கத்தோலிக்க சமயத்திற்கு மாற மறுத்தமைக்காகக் கெப்ளர் கிராட்சிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1601இல் டைக்கோ மறைந்தார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கணிதராகக் கெப்ளர் அமர்ந்தார். பார்வை குன்றியவரின் கைக்கு, உலகின் கூரிய கண் எழுதிவைத்த ஏடுகள் வந்து சேர்ந்தன. கண்ணின் பின்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் முதன்முதல் சரியாக விளக்கியவரும் இந்தப் பார்வை குன்றியவரே.

செவ்வாயின் பாதையைக் கண்டறியும் பணியை அவர் ஒரு போராகவே கருதினார். முதலில் வட்டத்தையே நம்பினார். குறைந்தது 70 முறை நெடுங்கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஓர் அமைப்பைக் கண்டார். டைக்கோவின் பதிவுகளோடு அது 2 கலைக்குள் ஒத்து வந்தது. வெற்றி என்று சொல்லி நூல் எழுதியிருக்கலாம். அவரோ அவ்வமைப்பை வேறொரு வழியிலும் சோதித்தார். ஞாயிற்றிலிருந்து செவ்வாயின் தொலைவை அளந்தபோது அது பொய்த்தது. தொலைவுக்கு ஏற்பத் திருத்தியபோது, திசை 8 கலை பிழைத்தது.

அந்த 8 கலையைப் புறக்கணிக்கத் தமக்கு உரிமையில்லை என்று அவர் முடிவு செய்தார். டைக்கோ போன்ற ஒருவரின் பதிவைக் கடவுளின் கொடையாகப் பெற்ற பின் அதைப் பொருட்படுத்தாதிருப்பது நன்றிகேடு என்று அவருக்குத் தோன்றியது. வட்டத்தை விட்டார். முட்டை வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநாள் அலைந்தார். பின்னர் 0.00429 என்ற ஒரே எண், தம் கணக்கில் தொடர்பற்ற இரண்டு இடங்களில் தோன்றுவதைக் கண்டு, உறங்கியவர் விழித்தாற்போல் ஆனார். அது காட்டிய வழியே மேலும் தடுமாறி, முடிவில் நீள்வட்டத்தை வந்தடைந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. அதன் இரு குவியங்களுள் ஒன்றில் ஞாயிறு நிற்கிறது. ஞாயிற்றையும் கோளையும் இணைக்கும் கோடு, சம காலத்தில் சம பரப்பைக் கடக்கிறது. அதனால் கோள் ஞாயிற்றை நெருங்கும்போது விரைந்தும் விலகும்போது தளர்ந்தும் செல்கிறது. இவ்விரண்டு விதிகளும் 1609இல் வெளியான புதிய வானியல் என்னும் நூலில் உள்ளன.

செவ்வாயின் நீள்வட்டம் எவ்வளவு நீண்டது? அதன் நெடிய அச்சுக்கும் குறுகிய அச்சுக்கும் உள்ள வேறுபாடு நூறில் அரைப் பங்குகூட இல்லை. தாளில் வரைந்து காட்டினால் நம் கண்ணுக்கு அது வட்டமே. அத்துணைச் சிறிய வேறுபாட்டில்தான் பொய்யும் மெய்யும் பிரிந்து நின்றன. வட்டத்தைவிட நீள்வட்டம் அழகானது என்று கெப்ளர் கருதவில்லை. தொடக்கத்தில் அது அவருக்கு உவப்பாகவே இல்லை. வானம் அதைச் சொன்னது, அவர் எழுதிக்கொண்டார்.

பனித்துகளின் ஆறு முனைகள்

1611ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு நண்பர் ஒருவருக்குக் கொடுக்கக் கெப்ளரிடம் பொருள் இல்லை. பிராகு நகரப் பாலத்தைக் கடக்கும்போது அவர் மேலாடையில் பனித்துகள்கள் விழுந்தன. ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத அந்தப் பொருளைப் பற்றிச் சிறு நூல் எழுதிப் பரிசாக அளித்தார். பனித்துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு முனை? ஐந்தோ ஏழோ ஏன் இல்லை? தேனடையின் அறைகள், மாதுளையின் முத்துகள், குவித்து வைத்த உருண்டைகள் என்று ஒப்புமை தேடிச் செல்கிறார். விடை கிட்டவில்லை. விடை தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதி, பொருள்களின் சேர்க்கையை ஆராயும் பின்னோருக்கு அதை விட்டுவைக்கிறார். நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாகப் பிணைவதே காரணம் என்பதை அறிய மேலும் முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்நூலில் போகிற போக்கில் ஒரு கருத்தைச் சொன்னார். ஒத்த உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் முறை, நம் கடைத்தெருவில் பழக்கடைக்காரர் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கும் முறைதான் என்பது அது. கடைக்காரருக்கு ஐயமே இல்லை; கணித உலகம் மட்டும் அதை நிறுவ ஏறத்தாழ 400 ஆண்டுகள் முயன்றது. தாமஸ் ஹேல்ஸ் 1998இல் நிறுவலை அறிவித்தார்; அதைக் கணினிகொண்டு வரி வரியாகச் சரிபார்த்து முடிக்க 2014 ஆயிற்று.

பனித்துகளைக் கொண்டு மகிழ்ந்து தொடங்கிய அதே 1611, கெப்ளரின் வாழ்வில் மிகக் கொடிய ஆண்டு. குழந்தைகள் மூவரும் பெரியம்மையில் வீழ்ந்தனர். ஆறு வயது மகன் ஃபிரீட்ரிக் இறந்தான். போரும் நோயும் பிராகு நகரைச் சூழ்ந்தன. சில மாதங்களில் மனைவி பார்பரா காய்ச்சலில் மறைந்தார். பேரரசர் அரியணை இழந்து, மறு ஆண்டில் மாண்டார். கெப்ளர் லின்ஸ் நகருக்குப் பெயர்ந்தார். அங்கே அவருடைய சொந்தத் திருச்சபையே, கோட்பாடு ஒன்றில் முழுமையாகக் கையொப்பமிட மறுத்தார் என்று சொல்லி அவருக்குத் திருவிருந்தை மறுத்தது. மாறாமைக்காகக் கத்தோலிக்கர் விரட்டினர். ஐயம் ஒன்றை ஒளிக்காமைக்காகத் தம் சபையார் விலக்கினர். ஏற்காததை ஏற்றதாகச் சொல்லும் ஆற்றல் அவருக்கு வாய்க்கவில்லை. 8 கலையைத் தள்ளிவிட இயலாத மனம் வேறு எவ்விடத்திலும் வேறாக இருக்க முடியாதல்லவா?

1613இல் சூசன்னா என்பவரை மணந்தார். வீட்டுக்கு வாங்கிய மதுப் பீப்பாய்களை வணிகர் ஒரு கோலை உள்ளே செலுத்தி அளந்து விலை கூறியதைப் பார்த்தார். பீப்பாயின் வளைவு வேறுபடும்போது ஒரே கோல் எப்படிச் சரியான அளவைக் காட்டும்? இக்கேள்வி 1615இல் ஒரு நூலாயிற்று. பின்னர் தோன்றிய நுண்கணிதத்திற்கு முன்னோடியான நூல்களுள் அதுவும் ஒன்று.

உலகின் இசை

1617, 1618 ஆகிய ஆண்டுகளில் வளர்ப்பு மகளையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அவர் இழந்தார். 1618 பிப்ரவரியில் குழந்தை கத்தரீனா இறந்தபோது, டைக்கோவின் பதிவுகளைக்கொண்டு கோள் அட்டவணைகள் ஆக்கும் பணி கையில் இருந்தது. அதற்கு வேண்டிய மன அமைதி இல்லாமையால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இளமை முதல் நெஞ்சில் சுமந்த ஒன்றை எடுத்தார். உலகின் ஒருமைப்பாட்டை இசையாகக் காட்டும் நூல் அது.

ஒவ்வொரு கோளும் தன் பாதையில் மிக விரைவாகச் செல்லும் வேகத்தையும் மிக மெதுவாகச் செல்லும் வேகத்தையும் ஒப்பிட்டு, அவ்விகிதத்தைச் சுரங்களின் விகிதமாக அவர் கண்டார். செவ்வாய்க்கு 2:3. இது தமிழிசையில் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவே. சனிக்கு 4:5, வியாழனுக்கு 5:6. புவிக்கோ 15:16, அரைச் சுரம் மட்டுமே. விரிந்து பாட இயலாமல் ஒரு சிறு இடைவெளியிலேயே ஏறியும் இறங்கியும் முனகும் புவியின் அந்தப் பாட்டில், துன்பமும் பசியுமே ஒலிப்பதாக அவர் குறித்தார். குழந்தையைப் புதைத்த தந்தை எழுதிய குறிப்பு என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த இசைத் தேடலின் நடுவே, 1618 மார்ச் 8 அன்று அவருக்கு ஒரு தொடர்பு தோன்றியது. கணக்கில் தவறியமையால் பொய்யென்று தள்ளினார். மே 15 அன்று அது மீண்டும் வந்தது, இம்முறை நிலைத்தது. கோள் ஒருமுறை சுற்றும் காலத்தின் இருபடி, ஞாயிற்றிலிருந்து அதன் சராசரித் தொலைவின் முப்படியோடு ஒத்த விகிதத்தில் இருக்கும் என்பதே அது. புவியின் தொலைவை 1 என்றும் அதன் காலத்தை ஓராண்டு என்றும் கொண்டால், வியாழனின் தொலைவு 5.2; அதன் முப்படி 140.6. வியாழனின் காலம் 11.86 ஆண்டு, அதன் இருபடி 140.7. எந்தக் கோளுக்கும் இப்படியே. மே 23 அன்று பிராகு அரண்மனைச் சாளரத்திலிருந்து பேரரசரின் அலுவலர்களைக் கீழே எறிந்தனர்; முப்பதாண்டுப் போர் மூண்டது. நான்கு நாள்கள் கழித்து, மே 27 அன்று, கெப்ளர் தம் நூலை முடித்தார். அது 1619இல் அச்சாயிற்று.

அந்நூலைப் படிப்போர் வியப்பதற்கு மற்றொன்றும் உண்டு. கோள்களின் இசையும் ஐந்து திண்மங்களும் மூன்றாம் விதியும் அதில் அருகருகே நிற்கின்றன. முதல் இரண்டையும் காலம் தள்ளிவிட்டது, மூன்றாவது நிலைத்துவிட்டது. எழுதியவரோ மூன்றையும் ஒரே மகிழ்ச்சியோடு எழுதினார். 1621இல் தம் இளமை நூலை மறுபதிப்புச் செய்தபோதும் திண்மங்களை அவர் கைவிடவில்லை. கண்டுபிடித்த களிப்பு, பொய்யிலும் மெய்யிலும் ஒன்றாகவே இருக்கிறது! உள்ளத்தின் சிலிர்ப்பை மட்டும் சான்றாகக் கொண்டால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. செவ்வாயிடம் போனது போல அவர் திண்மங்களிடமும் இரக்கமின்றிப் போயிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவரும் மனிதர்தாமே, தம் முதற் கனவிடம் அவரால் அவ்வளவு கடுமையாக இருக்க முடியவில்லை.

தாயின் வழக்கு

வால்மீனைக் காட்டிய தாய் சூனியக்காரி என்று 1615இல் லியோன்பெர்க் ஊரில் குற்றம் சாட்டப்பட்டார். தாம் கொடுத்த பானத்தால் ஒருத்தியை நோயாளியாக்கினார் என்பது தொடக்கம். பிறகு ஊரில் யாருக்குக் கால் வலித்தாலும், எந்த மாடு இறந்தாலும், அது கத்தரீனாவின் செயலாயிற்று. ஒவ்வொன்றும் மற்றொன்றோடு அழகாகப் பொருந்தியது. பொருந்தாதது எதையும் எவரும் தேடவில்லை. பெண்கள் பலர் இத்தகைய கதைகளால் தீக்கு இரையான காலம் அது.

கெப்ளருக்கு இதில் தனிப்பட்ட வேதனை ஒன்றும் இருந்தது. நிலவுக்குச் செல்வதாகக் கற்பனைக் கதை ஒன்றை அவர் எழுதியிருந்தார். கதைத்தலைவனின் தாய் மூலிகை விற்பவள், ஆவிகளோடு பேசுபவள். அதன் கையெழுத்துப்படி பலர் கைக்குப் போய், தம் தாயைப் பற்றிய வதந்திக்குத் தாமே வித்திட்டுவிட்டோமோ என்ற ஐயம் அவரை வாட்டியது.

1620 ஆகஸ்டில், எழுபது வயது கடந்த அந்த மூதாட்டியைச் சிறையிட்டுச் சங்கிலியால் பிணைத்தனர். கெப்ளர் லின்சில் இருந்த பணிகளை விட்டுத் தொலைவழி வந்தார். பேரரசின் கணிதர் சிற்றூர் வழக்கு மன்றத்தில் தாயின் துணையாக நின்றார். சாட்சிகளின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எந்த நாளில், எந்த இடத்தில், யார் கண்டது, முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் ஒற்றுமை உண்டா என்று அளந்தார். நோய்களுக்கு இயற்கையான காரணங்களைக் காட்டினார். செவ்வாய்க் கோளுக்குச் செய்ததையே தாய்க்கும் செய்தார் என்று சொல்லலாம். எவ்வளவு நன்றாகப் பொருந்திய கதையானாலும், பொருந்தாத 8 கலை அதில் எங்கே என்று தேடினார்.

1621 செப்டம்பரில் வதைக் கருவிகளைத் தாயின் முன் காட்டி அச்சுறுத்தினர். அவர் குற்றத்தை ஏற்கவில்லை. ஏறத்தாழ 14 மாதச் சிறைக்குப்பின் விடுதலையானார். அடுத்த ஏப்ரலில் காலமானார்.

கணிதம் வாழ்வுக்குப் பொருள் தருமா என்று கேட்போர்க்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. எந்தச் சூத்திரமும் கெப்ளரின் குழந்தைகளைக் காக்கவில்லை; மூன்று விதிகளுள் ஒன்றும் அவருக்கு உணவு தரவில்லை. ஆனால் அளந்து பார்க்கும் வரை நம்புவதில்லை, அளந்தபின் மறைப்பதில்லை என்ற ஒழுக்கத்தைக் கணக்கு அவருக்குத் தந்தது. அவ்வொழுக்கம் ஒரு மூதாட்டியைத் தீயிலிருந்து மீட்டது.

இறுதிப் பயணம்

போர் அவரை விடவில்லை. 1626இல் கிளர்ந்தெழுந்த உழவர்கள் லின்ஸ் நகரை முற்றுகையிட்டபோது, அட்டவணைகளை அச்சிட்டுக்கொண்டிருந்த அச்சகம் எரிந்தது. உல்ம் நகருக்குப் போய் 1627இல் அச்சு வேலையை முடித்தார். பின்னர் தளபதி வாலன்ஸ்டைனின் ஆதரவில் சாகன் நகரில் தங்கினார். தளபதி வேண்டியது சோதிடம். கெப்ளர் வேண்டியது அச்சகம். அரசு அவருக்குத் தரவேண்டிய ஊதிய நிலுவை ஏறத்தாழ 12,000 கில்டர் ஆகியிருந்தது. அதைக் கேட்க 1630 இலையுதிர்காலத்தில் குதிரை ஏறி ரேகன்ஸ்பர்க் சென்றார். அங்கே காய்ச்சல் கண்டு நவம்பர் 15 அன்று, 58ஆம் வயதில் மறைந்தார். நகர மதிலுக்கு வெளியே அடக்கம் செய்தனர். சில ஆண்டுகளில் போர் அந்தக் கல்லறையையும் அழித்துவிட்டது. அதில் பொறிக்க அவரே இலத்தீனில் இயற்றிய இரண்டு அடிகள் மட்டும் எஞ்சியுள்ளன. கல் போயிற்று, கவிதை நின்றது.

அவர் இறந்து ஓராண்டும் நிறையாத 1631 நவம்பர் 7 அன்று, பாரிசில் கசேந்தி என்னும் அறிஞர் ஞாயிற்றின் ஒளியைத் திரையில் விழச்செய்து காத்திருந்தார். அன்று புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் என்று கெப்ளர் தம் அட்டவணைகொண்டு அறிவித்திருந்தார். அதுவரை எவரும் கண்டிராத காட்சி. சிறு கரும்புள்ளி ஒன்று தோன்றி மெல்ல நகர்ந்தது. சொன்னவர் இல்லை, சொல் பலித்தது. இது நாட்காட்டியில் எழுதிய குளிரும் படையெடுப்பும் பலித்தது போன்றதன்று. எங்கே பிழைக்கக்கூடும் என்று காட்டிவிட்டு, பிழைக்காமல் நின்ற சொல்.

1687இல் நியூட்டன் ஈர்ப்பு விதியிலிருந்து கெப்ளரின் மூன்று விதிகளையும் வருவித்தார். ஆயினும் கதை முடியவில்லை. புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை அளவு நியூட்டன் கணக்கினின்று விலகியது. ஒரு விகலை என்பது கலையின் அறுபதில் ஒரு கூறு. அந்த 43 விகலையையும் எவரோ புறக்கணிக்காமல் வைத்திருந்ததால்தான், 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய கொள்கை அதை விளக்கி நிலைபெற்றது. 2009இல் விண்ணுக்குச் சென்று 2018 வரை இயங்கிய தொலைநோக்கிக்குக் கெப்ளரின் பெயரையே இட்டனர். பிற விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கும் மேற்பட்ட கோள்களை அதன் பதிவுகள் வெளிப்படுத்தின. அவை தத்தம் ஞாயிற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணக்கிடுவதற்கு, குழந்தையை இழந்த தந்தை 1618இல் கண்ட அந்த விதியே இன்றும் உதவுகிறது.

கணிதம் மெய்ம்மையைச் சொல்லுமா? சொல்லும், ஆனால் தானாகச் சொல்லாது. ஐந்து திண்மங்களும் கணிதமே, நீள்வட்டமும் கணிதமே. முன்னதை உள்ளம் வானுக்குக் கற்பித்தது. பின்னதை வானம் உள்ளத்துக்குக் கற்பித்தது. கவிதைக்கும் இது பொருந்தும் என்று எண்ணுகிறேன். நம் உவமைகள் நமக்கே மிகவும் பிடித்துப்போகும் வேளையில், அவற்றில் பொருந்தாத 8 கலை எங்கே என்று தேடும் மனம் நமக்கு வாய்க்க வேண்டும்.

பத்தாண்டு நிறைந்த நம் அமைப்பையும் நாம் வட்டம் என்றே அழைக்கிறோம். வட்டத்துக்கு மையம் ஒன்று. சுற்றி நிற்போர் யாவரும் அதற்குச் சம தொலைவு. அழகிய எண்ணம்தான். உண்மையில் நாம் சில ஆண்டுகளில் நெருங்கியும் சில ஆண்டுகளில் விலகியும், விரைந்தும் தளர்ந்தும்தான் வந்திருக்கிறோம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. கோள்களும் அப்படித்தான் சுற்றுகின்றன. நெருங்கினாலும் விலகினாலும் அவை ஞாயிற்றை விட்டுப் போய்விடுவதில்லை.